இரு கரைத் தக்காளி

2024-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், பிரான்ஸ் தேசத்தின் முன்னாள் மந்திரியான ஸெகோலேன் ருவாயால் அம்மையார் தொலைக்காட்சியில் பேசும்போது, ஸ்பெயினிலிருந்து வரும் 'இயற்கை முறை'த் தக்காளி வாயில் வைக்க முடியாதது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இரண்டொரு நாளில் ஸ்பெயினின் பிரதம மந்திரி பெட்ரோ ஸான்சேஸ் இதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டியதாயிற்று. ராஜ்ய விவகாரமாகப் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போயிருந்த இடத்தில், ஸ்பானியத் தக்காளியை வெல்ல எதுவும் இல்லை என்றும், அம்மையார் வந்து உண்டு பார்க்கட்டும் என்றும் அவர் அறிவித்தார். அந்த நாட்களில் பிரெஞ்சு விவசாயிகள் சாலைகளை மறித்து, அயல் நாட்டுக் காய்கறி ஏற்றி வந்த லாரிகளைத் திறந்து சரக்கைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டிய தக்காளியில் ஸ்பெயின் தக்காளியும் உண்டு; மொராக்கோத் தக்காளியும் உண்டு.

ஒரு பழத்துக்காகப் பிரதம மந்திரி வாய் திறப்பதா என்று நேயர்கள் நகைக்கலாம். நாமும் முதலில் நகைத்தோம். பிறகு இரு தேசங்களின் ஏற்றுமதிக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஸ்பானியர்களின் ரோஷத்துக்குக் காரணம் விளங்கிற்று.

கணக்கு இதுதான். 2000-ம் ஆண்டு வாக்கில் மொராக்கோ ஏற்றுமதி செய்த தக்காளி ஏறக்குறைய 2 லட்சம் டன். அதே காலத்தில் ஸ்பெயின் அதைப்போல் நாலு மடங்குக்கு மேல் அனுப்பியது. 2014-ம் ஆண்டையொட்டி ஸ்பெயினின் ஏற்றுமதி 9 லட்சம் டன்னுக்கும் மேலே நின்றது. அப்போது மொராக்கோ அதில் பாதியை எட்டுவதே பெரிது. அதற்குப் பின் ஸ்பெயினின் கோடு வருஷா வருஷம் கீழே இறங்க, மொராக்கோவின் கோடு மேலே ஏறியது. 2022-ம் ஆண்டில் இரண்டும் ஒன்றையொன்று கடந்துவிட்டன. மொராக்கோ 7 லட்சம் டன்னைத் தாண்டி, மெக்ஸிகோ, ஹாலந்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகில் மூன்றாவது இடத்தில் அமர்ந்தது. ஸ்பெயின் 7 லட்சத்துக்குக் கீழே போயிற்று. அதற்குப் பின்னும் பழைய உயரத்தை எட்டவில்லை.

இந்த இரு தேசங்களுக்கும் இடையே உள்ள கடல் மிகக் குறுகலான இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர்தான். தெளிவான நாளில் ஒரு கரையில் நின்றால் மறு கரை மலைகள் தெரியும். இரு கரையிலும் ஒரே சூரியன், ஏறக்குறைய ஒரே விதமான வறண்ட பூமி. அப்படியிருக்க, வியாபாரம் ஏன் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர வேண்டும்?

முதலில் வடகரையைப் பார்ப்போம். ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் அல்மேரியா என்று ஒரு ஜில்லா. மழை மிகச் சொற்பம். 1960-களில் ஸெர்ஜியோ லியோனே என்ற இத்தாலிய டைரக்டர் அமெரிக்கப் பாலைவனக் கதைகளைப் படம் பிடிக்க இடம் தேடியபோது, அமெரிக்காவுக்குப் போகாமல் இங்கேதான் வந்தார். அவ்வளவு வறட்சி! இந்த மண்ணை நம்பி யார் பயிர் செய்வார்கள்? ஆனால் அங்குள்ள குடியானவர்கள் ஒரு யுக்தி வைத்திருந்தார்கள். களிமண்ணின்மேல் எருவைப் பரப்பி, அதன்மேல் கடல் மணலை ஒரு போர்வைபோல் போடுவார்கள். மணல் ஈரத்தை ஆவியாக விடாது. கிணற்று நீரில் உள்ள உப்பும் வேரை அவ்வளவாகத் தாக்காது. 1960-களின் தொடக்கத்தில் இந்த மணல் படுக்கைக்கு மேலே, திராட்சைக் கொடிக்குப் போடும் கம்பிப் பந்தலை எழுப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையை விரித்தார்கள். அவ்வளவுதான், மார்கழி, தை மாதங்களிலும் செடி காய்த்தது. வட ஐரோப்பா பனியில் உறைந்து கிடக்கும்போது இங்கே தக்காளி பழுத்தது. இன்று அந்த ஜில்லாவில் ஏறக்குறைய 75,000 ஏக்கர் நிலம் பிளாஸ்டிக் கூரையின் கீழே இருக்கிறது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் கடலோரம் முழுவதும் வெள்ளைத் துணி உலர்த்தியதுபோல் தோன்றும்.

1986-ம் ஆண்டில் ஸ்பெயின் ஐரோப்பியக் கூட்டுக்குள் சேர்ந்தது. காய்கறி விஷயத்தில் மட்டும் பல வருஷம் காத்திருக்க வைத்தார்கள். பிரெஞ்சு விவசாயிகளுக்கு அப்போதே பயம். 1990-களில் கதவு முற்றிலும் திறந்ததும், அல்மேரியாவின் லாரிகள் சுங்கச் சாவடியில் நிற்காமலே பெர்லின் வரையில் ஓடலாயின. பரம ஏழையாக இருந்த ஜில்லா செழித்துப் பூத்தது. ஸான்சேஸ் பாதுகாத்த மானம் இந்தச் செழிப்பின் மானந்தான்.

ஸ்பெயினுக்குள்ளேயே இன்னொரு கதை உண்டு. ஆப்பிரிக்காவின் கரையருகே உள்ள கானரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே இங்கிலாந்துக்குத் தக்காளி அனுப்பி வந்தன. லண்டன் துறைமுகத்தில் 1930-களில் அந்தத் தீவுப் பழங்களை இறக்குவதற்கென்று ஒரு கிட்டங்கி கட்டி, அதற்குக் 'கானரி வார்ஃப்' என்று பெயரிட்டார்கள். இன்று அதே இடத்தில் பெரிய பெரிய பாங்கிகளின் கட்டடங்கள் வானளாவ நிற்கின்றன. தக்காளியின் ஞாபகமாகப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தீவுகளின் கதியும் அப்படியே. 1990-களின் நடுவில் 3 லட்சம் டன்னுக்கு மேல் அனுப்பிய தீவுகள் இப்போது அனுப்புவது அதில் ஒரு சிறு பங்குதான். முதலில் அல்மேரியா தீவுகளை வென்றது. பிறகு மொராக்கோ இருவரையும் வென்றது.

இனித் தென்கரை. 1912 முதல் 1956 வரையில் மொராக்கோ சுதந்திர தேசமல்ல. பெரும்பகுதி பிரான்ஸின் 'பாதுகாப்பில்' இருந்தது. வடக்கே ஒரு பகுதி ஸ்பெயினின் 'பாதுகாப்பில்' இருந்தது. இந்தப் 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடியேற்றக்காரர்கள் காஸாபிளாங்கா கடற்கரையோரம் தக்காளி பயிரிட்டு, குளிர் காலத்தில் பிரான்ஸுக்குக் கப்பலேற்றினார்கள். சுதந்திரம் வந்த பின் 1965-ல் சர்க்கார் ஓர் ஏற்றுமதி ஸ்தாபனத்தை அமைத்து, வெளிநாட்டு வியாபாரம் முழுவதையும் அதன் கையில் ஒப்படைத்தது. 1980-களின் நடுவில் அந்தத் தனியுரிமை நீங்கிற்று. பிறகு தனியார், அவர்களில் பிரெஞ்சு முதலாளிகளும் ஸ்பானிய முதலாளிகளும் பலர், தெற்கே அகாதீர் நகரைச் சூழ்ந்த ஸூஸ் சமவெளியில் கூடாரமடித்தார்கள். 'கூடாரமடித்தார்கள்' என்பது வெறும் அலங்காரமல்ல. அல்மேரியாவின் பிளாஸ்டிக் கூரைதான் அங்கும். அல்மேரியாவின் விதையும் சொட்டுநீர்க் குழாயும் கூட அங்கே விலைக்குப் போகின்றன. ஸ்பெயினின் போட்டியாளனை வளர்த்ததில் ஸ்பானியர்களுக்கே நல்ல பங்கு உண்டு என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். உண்மை என்னவோ அதுதான்.

2007-ல் ஜலசந்திக் கரையில் 'டாஞ்சியர் மெட்' என்ற புதுத் துறைமுகம் திறந்தது. 2008-ல் 'பசுமை மொராக்கோ' என்ற பெயரில் சர்க்கார் பெரியதொரு விவசாயத் திட்டம் வகுத்தது. 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் புதிய ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் தக்காளிக்கு மட்டும் ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். சுங்கத் தீர்வை இல்லாமல் வரக்கூடிய அளவு படிப்படியாக உயர்ந்து 2,85,000 டன் ஆயிற்று. அக்டோபர் முதல் மே மாதம் வரையில் மாதவாரியாக அந்த அளவைப் பங்கிட்டார்கள். அளவுக்கு மேல் வந்தாலும் தீர்வையில் சலுகை உண்டு. இவற்றோடு, 'நுழைவு விலை' என்று ஒன்று. கிலோவுக்கு 46 யூரோ சதத்துக்குக் குறைவான விலையில் சரக்கு வந்தால் கூடுதல் தீர்வை போடுவார்கள். அதற்கு மேற்பட்டு வந்தால் விட்டுவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் புத்திசாலிகள். ஆனால் வியாபாரிகள் அவர்களைவிடப் புத்திசாலிகள். பெரிய உருண்டைத் தக்காளிக்கு விலை குறைவு. நெல்லிக்காய் அளவுள்ள 'செர்ரி' தக்காளிக்கு விலை அதிகம், எடையும் குறைவு. மொராக்கோக்காரர்கள் சிறு தக்காளியின் பக்கம் வேகமாகத் திரும்பினார்கள். ஒரு லாரியில் போகும் எடைக்கு அதிகப் பணம் வந்தது. நுழைவு விலையின் தொந்தரவும் இல்லை. ஐரோப்பியக் கமிஷன் கணக்கிடும் சராசரி விலையில் சிறியதும் பெரியதும் கலந்துவிடுவதால், மலிவுத் தக்காளி உயர்ந்த தக்காளியின் நிழலில் ஒளிந்து நுழைகிறது என்பது ஸ்பானிய விவசாயிகளின் நெடுநாளைய புகார்.

சராசரி என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏற்றுமதிக் கணக்கைப் படிப்பவர்கள் சில பள்ளங்களில் விழாமல் நடக்க வேண்டும். ஸ்பெயின் ஏற்றுமதியில் பின்தங்கியது என்றால் அங்கே தக்காளியே விளையவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எக்ஸ்த்ரமதூரா பிரதேசத்தில் கோடையில் திறந்த வெளியில் மலைபோல் தக்காளி விளைகிறது. அது அத்தனையும் ஆலைக்குப் போய்க் குழம்பாகி டப்பாவில் அடைபடுகிறது. புதுப் பழக் கணக்கில் சேராது. மற்றொரு பள்ளம், பிரான்ஸ் தேசத்துப் பெர்ப்பிஞான் நகரில் இருக்கிறது. மொராக்கோ லாரிகளில் பெரும்பாலானவை இந்த நகரத்துச் சந்தையில் வந்து இறக்குகின்றன. மொராக்கோவின் தக்காளியில் பாதிக்கு மேல் வாங்குவது பிரான்ஸ் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் அவ்வளவையும் பிரெஞ்சுக்காரர்களே தின்பதில்லை. ஒரு பகுதி பெர்ப்பிஞானில் வேறு லாரிக்கு மாறி ஜெர்மனிக்கும் இன்னும் வடக்கேயும் போகிறது. அப்போது பிரான்ஸின் ஏற்றுமதிக் கணக்கில் அதுவும் ஏறிக்கொள்கிறது! ஒரே பழம் இரண்டு தேசங்களின் பெருமையில் இடம் பெறுகிறது. சாலையை மறித்த பிரெஞ்சு விவசாயியின் கோபத்துக்கும் பெர்ப்பிஞான் வியாபாரியின் லாபத்துக்கும் நடுவே எத்தனை தூரம் என்று நாம் அளக்கத் துணியவில்லை.

சரி, ஸ்பெயின் ஏன் இறங்கியது? பூச்சி ஒரு காரணம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இலை துளைக்கும் ஒரு சிறு அந்துப்பூச்சியை 2006-ல் அங்கே கண்டார்கள். 2019-ல் பழத்தைச் சுருக்கும் ஒரு வைரஸ் நோய் அல்மேரியாவில் புகுந்தது. தக்காளியை விட்டுக் குடைமிளகாய்க்கு மாறியவர்கள் பலர். ஆனால் நோய் தென்கரைக்கும் போயிற்று. ஆகவே அது முழுக் காரணமாகாது. முக்கியமான காரணம் கூலி. ஸ்பெயினில் பண்ணைத் தொழிலாளிக்குச் சட்டப்படி தர வேண்டிய தினக்கூலி மொராக்கோவின் கூலியைப்போல் ஐந்து ஆறு மடங்கு. தக்காளியோ கையால் கட்டி, கையால் கிள்ளி, கையால் பறிக்க வேண்டிய பயிர். சிறு தக்காளியானால் கைவேலை இன்னும் அதிகம்.

இங்கேதான் இந்தக் கணக்கின் மிக விசித்திரமான வரி இருக்கிறது. அது எந்த அட்டவணையிலும் அச்சாகவில்லை. அல்மேரியாவின் பிளாஸ்டிக் கூரைகளின் கீழே தக்காளி பறிக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் மொராக்கோ தேசத்தவரே. ஜலசந்தியைக் கடந்து, சிலர் முறைப்படி கப்பலிலும் சிலர் உயிரைப் பணயம் வைத்துத் தோணியிலும் வந்தவர்கள். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் எல் எஜிதோ என்ற ஊரில், மனநிலை சரியில்லாத மொராக்கோ வாலிபன் ஒருவன் ஒரு பெண்ணைக் கொன்றுவிட, ஊரார் திரண்டு மூன்று நாட்கள் மொராக்கோத் தொழிலாளர்களின் குடிசைகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கினார்கள், கொளுத்தவும் செய்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நின்றபோதுதான் அந்தக் கைகள் இல்லாமல் பண்ணை நடவாது என்பது ஊருக்குத் தெரிந்தது. அக்கரைக்கு வந்து பறித்தாலும் மொராக்கோக் கை. இக்கரையில் பறித்தாலும் மொராக்கோக் கை. இக்கரையில் மட்டும் கூலி ஐந்தில் ஒன்று. ஸூஸ் சமவெளியில் அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. விடியுமுன் சிறு சரக்கு லாரிகளின் பின்புறத்தில் நின்றபடி நெருக்கியடித்துக்கொண்டு பண்ணைக்குப் போகிறார்கள். வண்டி கவிழ்ந்தது என்ற செய்தி அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. ஏற்றுமதி மும்மடங்காயிற்று என்று படிக்கும்போது இந்தப் பெண்களையும் சேர்த்தே நாம் எண்ணுகிறோம்.

கூலிக்கு அடுத்தது தண்ணீர். தக்காளியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஜலந்தான். மழையற்ற தேசம் தக்காளியை ஏற்றுமதி செய்கிறது என்றால், கிணற்றைப் பெட்டியிலடைத்து அனுப்புகிறது என்றே அர்த்தம். அல்மேரியாவின் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறைக்கப்படுவதாக 1980-களிலேயே சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஸூஸ் சமவெளியில் ஆர்கான் மரக்காடுகளை அழித்துப் பண்ணைகள் பரவின. நீர்மட்டம் ஆண்டுக்காண்டு கீழே போயிற்று. ஆழக் கிணறு தோண்டப் பணமுள்ளவன் தோண்டினான். இல்லாதவன் நிலத்தை விட்டுப் போனான். கடைசியில் 2022-ல் அகாதீருக்குத் தெற்கே, ஷ்தூக்கா பிரதேசத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலையொன்றைத் தொடங்கினார்கள். அதன் நீரில் ஒரு பாதி நகரத்துக்கு. மறு பாதி சுமார் 15,000 ஹெக்டேர் பயிருக்கு. கடல்நீரின் உப்பை நீக்கித் தக்காளிக்கு ஊற்றி, அந்தத் தக்காளியை மறுபடி கடல் கடந்து அனுப்புகிறார்கள். அந்த ஆலை இல்லாவிட்டால் அந்தப் பண்ணைகள் என்னவாகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே நாம் இதைப் பரிகாசம் செய்யவில்லை.

2023-ம் ஆண்டு பிப்ரவரியில் இரு கரையிலும் ஒரே சமயத்தில் குளிர் தாக்கிற்று. செடி பழுக்க மறுத்தது. முதலில் அதன் பலனை அனுபவித்தவர்கள் ஆங்கிலேயர்கள். லண்டன் கடைகளில் தக்காளித் தட்டுகள் காலியாயின. ஆளுக்கு இரண்டு பொட்டலம், மூன்று பொட்டலம் என்று பங்கீடு வைத்தார்கள். பார்லிமெண்டில் ஒரு மந்திரியம்மாள், அந்தந்தப் பருவத்தில் விளைவதை உண்ணலாமே என்று டர்னிப் கிழங்கைப் பற்றி எடுத்துரைத்து, நாடு முழுவதும் நகைக்க இடங்கொடுத்தார்.

அதே மாதத்தில் மொராக்கோவின் சொந்தச் சந்தைகளில் தக்காளி விலை ஏறிக்கொண்டிருந்தது. ரம்ஜான் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கும் வேளையில் அந்நாட்டு வீடுகளில் 'ஹரீரா' என்ற கஞ்சி இல்லாமல் நடவாது. ஹரீராவுக்குத் தக்காளி இல்லாமல் நடவாது. புளி இல்லாத ரஸத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் எப்படிக் கருதுவார்களோ அப்படி. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சர்க்கார் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. யாருக்குத் தடை? மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு. ஐரோப்பாவுக்குப் போகிற லாரிகள் நிற்கவில்லை. நல்ல விலை கொடுப்பவனை விட்டுவிட முடியாது, ஒப்பந்தமும் இருக்கிறது. தெற்கே போகிற சாலையை அடைப்பது சுலபம். அந்தச் சாலையின் கோடியில் உள்ள ஊர்களிலும் சமையல் நடக்கிறது, அங்கும் ரம்ஜான் வருகிறது என்பதை ஏற்றுமதி அட்டவணையில் தேடிப் பயனில்லை. ஐரோப்பாவுக்குப் போன டன் கணக்கு அந்த வருஷமும் உயர்ந்த நிலையிலேயே இருந்தது.

இந்தக் கதையில் இன்னும் ஒரு வழக்கு இருக்கிறது. மொராக்கோவுக்குத் தெற்கே மேற்கு ஸஹாரா என்ற பிரதேசம். 1975 வரையில் ஸ்பெயினின் ஆதிக்கத்தில் இருந்தது; ஸ்பெயின் விலகியதும் மொராக்கோ புகுந்தது. தங்கள் நாடு தங்களுக்கே என்று அங்குள்ள ஸஹ்ராவி ஜனங்கள் போலிஸாரியோ இயக்கத்தின்கீழ் போராடி வருகிறார்கள். அங்கே தக்லா என்ற ஊரைச் சுற்றிச் சிறு தக்காளியும் முலாம்பழமும் விளைகின்றன. 'மொராக்கோ' என்ற முத்திரையோடு ஐரோப்பாவுக்குப் போய்வந்தன. பிரெஞ்சு விவசாயச் சங்கமொன்று இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிற்று. நியாயத்துக்காகப் பாதி, போட்டிக்காகப் பாதி என்று நமக்குத் தோன்றுகிறது. அதனால் வழக்கின் நியாயம் குறைந்துவிடாது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மண்ணின் ஜனங்களுடைய சம்மதமில்லாமல் 2019-ல் செய்த வியாபார ஏற்பாடு செல்லாது என்றும், அங்கே விளைந்த தக்காளிப் பெட்டியின்மேல் 'மேற்கு ஸஹாரா' என்று மட்டுமே எழுத வேண்டும் என்றும், 'மொராக்கோ' என்று எழுதினால் வாங்குபவர் ஏமாந்துபோவார் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். மறு வருஷமே புது ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது. தக்லாவில் விளையும் டன்களை எந்தத் தேசத்தின் கணக்கில் எழுதுவது என்பது, ஸ்பெயினையும் மொராக்கோவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இன்னும் தீராத ஒரு சந்தேகம்.